குழாயடியில் என் மகளின் இடம்

எழுதத் தெரிந்தவர்கள் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் ஊருக்குப் போட்ட கடிதங்களும் ரேஷன் கடைப் படிவங்களும்தான். பஸ்ஸில் யாராவது என் காலை மிதித்துக்கொண்டு நின்றால்கூட, நகரச் சொல்லாமல் என் காலை மெதுவாக உருவிக்கொள்கிறவள். இப்படிப்பட்டவள் நாலு பேர் படிக்க எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் செம்பூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஆட்டிசம், ஏடிஹெச்டி என்று இப்போது சொல்கிறார்களே, அந்தப் பிள்ளைகளின் பெற்றோர்கள் மாதம் ஒரு முறை கூடும் இடம். சின்ன வயதுத் தாய் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஆன்ட்டி, உங்க காலத்துல இந்த மாதிரிப் பிள்ளைங்க அவ்வளவா இல்லல்ல? இப்பதானே ஜாஸ்தி ஆயிருக்கு?" என்று கேட்டாள். நான் வழக்கம்போலச் சிரித்துவைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, என் மேல். வாயைத் திறந்து பதில் சொல்லியிருக்க வேண்டும்.

இருந்தார்கள், பெண்ணே. கதவுக்குப் பின்னால் இருந்தார்கள். கட்டில் காலில் கட்டப்பட்டு இருந்தார்கள். அப்படிக் கட்டிய கைகளில் என்னுடையதும் உண்டு. அவளுக்குத் தமிழ் படிக்க வராது என்றாள். யாராவது இதை அவளுக்குப் படித்துக் காட்டட்டும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. தாராவியில் எங்கள் சால், அதாவது ஒண்டுக்குடித்தன வீடு, வரிசையாக இருபத்தாறு அறைகள். இருபத்தாறு குடும்பத்துக்கும் ஒரே குழாய். காலை ஆறு மணியிலிருந்து ஏழரை வரை தண்ணீர் வரும். விடிவதற்கு முன்பே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். ஆள் நிற்க வேண்டியதில்லை. குடம் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அடுத்தவர் குடத்தைத் தொடக்கூடாது என்பது அங்கே யாரும் எழுதிவைக்காத சட்டம். புருஷன் பெண்டாட்டி அடித்துக்கொண்டால்கூட எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர்கள், தங்கள் குடம் ஒரு சாண் நகர்ந்தால் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

என் மகளுக்குப் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். சந்தோஷம் வந்தால் கையை உதறிக்கொண்டு, மூக்கு வழியாக 'ம்' என்று ஒரே சுருதியில் நீளமாக முனகுவாள். கையில் எது கிடைத்தாலும் சிறிது, பெரிது என்று வரிசைப்படுத்துவாள். உருளைக்கிழங்கு, செருப்பு, டப்பா எதுவானாலும் சரி. வரிசை குலைந்தால் தலையைச் சுவரில் மோதிக்கொண்டு அழுவாள். அக்கம்பக்கத்தில் அவளுக்கு வைத்த பெயர்களை நான் இங்கே எழுதப் போவதில்லை.

ஆறு வயதில் ஒரு நாள் காலையில் குழாயடிக்குப் போய், நின்றிருந்த அத்தனை குடங்களையும் சிறிது முதல் பெரிதுவரை அழகாக அடுக்கிவிட்டாள். யார் முதல், யார் கடைசி என்று தெரியாமல் சால் முழுக்கச் சண்டை. அன்று சாயங்காலம் சால் தலைவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். எங்கள் ஊர்ப்பக்கத்துக்காரர்தான். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்.

"இங்க பாரு தாயி. தண்ணி வார நேரம் பிள்ளையக் கட்டிப் போடு. கட்ட மனசு வரலன்னா ஹோமுல கொண்டு விடு. இன்னொரு தடவ அவ குடத்துல கை வச்சான்னா, கோலியக் காலி பண்ணிட்டுப் போயிரணும். பெறவு என்னையச் சொல்லக் கூடாது." கோலி என்று அவர் சொன்னது எங்கள் அறையை.

என் கணவருக்குக் குர்லாவில் லேத் பட்டறையில் வேலை. ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். நான் தண்ணீர் பிடிக்கப் போனால் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை; அந்த நேரம் எல்லாப் பெண்களும் குழாயடியில்தான். பழைய நூல் சேலையின் கரையைக் கிழித்து, அவள் கணுக்காலில் ஒரு முடிச்சு, கட்டில் காலில் ஒரு முடிச்சு. இரண்டு வருடம் தினமும் காலை ஆறு முதல் ஏழரை வரை அப்படித்தான். நான் வேறு வழி தேடியிருக்கலாம் என்று இப்போது சொல்லுவீர்கள். தேடினேன். எங்கே போய்த் தேடினேன் என்றும் சொல்லுகிறேன்.

முதலில் பெரிய ஆஸ்பத்திரி. நாலாவது தடவை போனபோது ஒரு டாக்டர் அவளை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை எழுதினார். "யே டீக் நஹி ஹோகா. சம்பாலோ" என்றார். குணமாகாது, பார்த்துக்கொள் என்று அர்த்தம். அவர் எழுதியது நோயின் பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. மருந்தின் பெயர் என்று நினைத்து, சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்துப் பார்த்தார், அலமாரியில் தேடினார், "ஸ்டாக் இல்ல" என்றார். தாராவியில் மூன்று கடை, சயானில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒருவரும் இது மருந்து இல்லை என்று சொல்லவில்லை. ஒரு கடைக்காரர் அடுத்த வாரம் வரச் சொன்னார்.

இரண்டாவது இடம் நான் தேடிப் போனதல்ல. மாட்டுங்காவில் ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கும் வேலை பார்த்தேன். பாலக்காட்டுப் பக்கத்துக் குடும்பம். சாருக்குப் பெரிய ஆபீஸ். மாமி அதிகம் பேசமாட்டாள். உள்ளே கடைசியில் ஒரு அறை. அதன் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கும். ரேடியோ எந்நேரமும் சத்தமாக ஓடும். "அந்த ரூம் பெருக்க வேண்டாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். ஒரு நாள் கரண்ட் போய் ரேடியோ நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து 'ம்' என்று ஒரே சுருதியில் ஒரு முனகல் வந்தது.

அந்தச் சத்தத்தை நான் எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்லுவேன். ஆனால் மாமியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மூன்று வாரம் கேட்காமலே பாத்திரம் துலக்கினேன்.

அப்போது, நான் வேலைக்குப் போகிற நேரத்தில் என் மகளைப் பார்த்துக்கொள்கிற பக்கத்து வீட்டுப் பெண் ஊருக்குப் போய்விட்டாள். வேறு வழியில்லாமல் மகளையும் கூட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். துலக்கிக் கவிழ்த்த பாத்திரங்களை அவள் சமையலறைத் தரையில் சொம்பிலிருந்து அண்டா வரை வரிசை கட்டிவிட்டாள். மாமி வந்து பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நான் அவசரமாக எடுக்கக் குனிந்தேன்.

"எடுக்காதே. எத்தனை நாளா இப்படி இருக்கா?"

"பொறந்ததுல இருந்தே, மாமி."

"டாக்டர்ட்ட காட்டினியோ?"

முந்தானையில் முடிந்து வைத்திருந்த சீட்டை எடுத்துக் கொடுத்தேன். மருந்துக்கடைகளில் மடித்து மடித்து அது நாலாகக் கிழியும் நிலையில் இருந்தது. மாமி படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இதேதான். இதே வார்த்தையைத்தான் எங்களுக்கும் எழுதிக் கொடுத்தா. இவர் அந்தக் கடுதாசியை பீரோல வச்சுப் பூட்டிட்டார். மூத்தவளுக்கு வரன் பாத்திண்டிருக்கோம். வெளில தெரிஞ்சா யார் வருவா?"

பிறகு எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தாள். பதினாலு வயதுப் பையன், என்னைவிட உயரம். கையில் ஒரு பிஸ்கட் டின். நேராக வந்து என் மகளுக்குப் பக்கத்தில், பாத்திர வரிசையின் எதிரே உட்கார்ந்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. மாமி தாழ்ப்பாள் போட்டாள், நான் சேலைக் கரை கட்டினேன். அவள் வீட்டில் மூன்று அறை, பால்கனி. எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு. செய்தது ஒன்றுதான்.

மூன்றாவது ஆள் ஆஸ்பத்திரி வரிசையில் கிடைத்தாள். எங்கள் ஜில்லாவின் தெற்கே இருந்து வந்த முஸ்லிம் குடும்பம். தாராவியிலேயே தோல் பை பட்டறை வைத்திருந்தார்கள்; நான் அவளைப் பட்டறைக்காரம்மா என்றே கூப்பிடுவேன். அவளுடைய ஆறு வயது மகன், நாங்கள் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் விளக்குகளை எட்டு தடவை அணைத்துப் போட்டான், தராசில் ஏறிக் குதித்தான், வாட்ச்மேனின் தொப்பியோடு மாடிக்கு ஓடினான்.

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எக்கா, இது ஒங்க மவளா? எவ்வளவு அமைதியா இருக்கா. ஒரு நாளைக்கு மாத்திக்கிடுவோமா?"

நான் மகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாதிய. நீங்க சரின்னாலும் நான் குடுக்க மாட்டேன்" என்று சிரித்தாள். "மூணு ஸ்கூலு, ஒரு மதரஸா, எல்லா எடத்துலயும் தொரத்தி உட்டாச்சு. டாக்டரு என்னவோ ஹைப்பர்ங்காரு. அதெல்லாம் எனக்குத் தெரியாதா? எம் பிள்ளைய ஒரு எடத்துல உக்கார வைக்கணும்னா ஆணிதான் அடிக்கணும்."

அவளை மாமியிடம் அழைத்துப் போனேன். அந்த வருடம் மழைக்காலம் முடிந்ததும் நாங்கள் மூன்று பேரும் பிள்ளைகளோடு பஸ் ஏறிச் செம்பூருக்குப் போனோம். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு பள்ளி இருப்பதாக மாமி கேள்விப்பட்டிருந்தாள். தலைமை ஆசிரியை மாமிக்கு மட்டும் நாற்காலி காட்டினாள். மாமி உட்காரவில்லை. ஆங்கிலத்தில் ஏதோ பேசினார்கள். கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். பஸ் நிறுத்தத்தில் மாமி எங்களுக்குச் சொன்னாள்.

"உன் பொண்ணுக்குப் பேச்சு வரணுமாம். என் பிள்ளைக்கு வயசு ஜாஸ்தியாம். இவ பிள்ளை ஒரு இடத்துல உட்காரணுமாம்."

"பேசத் தெரிஞ்சு, வயசும் சரியா இருந்து, கையக் கட்டி உக்காருத பிள்ளைன்னா நம்ம எதுக்கு ரெண்டு பஸ் மாறி இங்க வாரோம்?" என்றாள் பட்டறைக்காரம்மா. "பக்கத்து ஸ்கூல்லயே சேத்துட்டுப் போயிருப்போம்லா."

மாமி சிரித்து அன்றுதான் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு, "எடம் யாரும் தரப் போறதில்லை. என் ஆத்துல அந்த ரூம் இருக்கே" என்றாள். "சனிக்கிழமை இவருக்கு அரை நாள் ஆபீஸ். பத்து மணிக்கு வாங்கோ. ஒரு மணிக்குள்ள கிளம்பிடணும், அவ்வளவுதான்."

தாழ்ப்பாள் போட்ட அறைதான் எங்கள் பள்ளி. ஆசிரியர் கிடையாது. முதல் சனிக்கிழமை நான் பழக்கத்தில் நேராகச் சமையலறைக்குப் போய்விட்டேன். "பாத்திரம் கிடக்கட்டும். இன்னிக்கு நீ வேலைக்கு வரலை" என்று மாமி கையைப் பிடித்து அழைத்து வந்தாள். ஆனால் காபி, எனக்கென்று பால்கனி ஓரம் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த தம்ளரில்தான் வந்தது. குடித்து முடித்ததும் என் மகள் எல்லாத் தம்ளர்களையும் எடுத்து உயர வரிசையில் அடுக்கிவிட்டாள். எது என் தம்ளர் என்று மாமிக்கே தெரியாமல் போய்விட்டது. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகவே கழுவினாள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து அந்தப் பேச்சே இல்லை.

பட்டறைக்காரம்மா மகனுக்கு ஒரு பலகையும் சுத்தியலும் ஒரு பிடி ஆணியும் கொடுத்தோம். ஆணி அடிக்கும் நேரம் அவன் உட்கார்ந்திருந்தான். முதல் வாரம் நாலு நிமிடம். மாமி கடிகாரம் பார்த்துச் சொன்னாள். மாதக் கடைசியில் பதினொரு நிமிடம். கீழ்வீட்டுக்காரர்கள் வந்து சண்டை போட்டார்கள். மாமி கதவைப் பாதி திறந்து, "சனிக்கிழமை சத்தம் வரும்" என்று சொல்லிவிட்டுச் சாத்தினாள்.

மாமியின் மகனுடைய பிஸ்கட் டின்னில் இருந்தது தினசரி நாள்காட்டியின் தாள்கள். தினமும் காலையில் அவன்தான் கிழிப்பானாம். வருடக் கணக்காகச் சேர்த்து வைத்திருந்தான். ஒரு சனிக்கிழமை அவனே அந்த டின்னை என் மகள் முன்னால் கவிழ்த்தான். எல்லாம் ஒரே அளவுத் தாள். சிறிது பெரிது பார்க்க முடியாது. அவள் ரொம்ப நேரம் தடவித் தடவிப் பார்த்தாள். பையன் ஒன்று, இரண்டு, மூன்று என்று எடுத்து வைத்தான். நாலாவதை அவள் வைத்தாள். அடுத்த மாதத்துக்குள் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை தானாக வரிசை போட்டாள். அதற்கு மேல் எண் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது.

எனக்கு ஒரு யோசனை வந்தது. பெரிய அண்டாவின் மேல் இரண்டு என்ற தாளையும், சின்னச் சொம்பின் மேல் மூன்று என்ற தாளையும், நடுத்தரக் குடத்தின் மேல் ஒன்றையும் ஒட்டி வைத்தேன். சொம்புதான் முதலில் போகும் என்று நினைத்தேன். அவள் குடம், அண்டா, சொம்பு என்று வைத்துவிட்டுக் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தாள். எண் இருந்தால் அளவு அவளுக்கு முக்கியமில்லை.

நான் குழாயடியைப் பற்றிச் சொன்னதும் பட்டறைக்காரம்மா, "எங்க பட்டறையில தோலுல நம்பர் குத்துத அச்சு இருக்கு" என்றாள். அடுத்த வாரமே இருபத்தாறு தோல் பில்லைகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றிலும் எண், ஒரு ஓட்டை, கட்டுவதற்கு நூல். முதலில் வருகிறவர் ஒன்றாம் பில்லையை எடுத்துக் குடத்தின் கழுத்தில் கட்டினால் போதும். வரிசையும் எண்ணும் ஒன்றாக இருந்தால் என் மகள் தொட மாட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பில்லைகளை ஒரு டப்பாவில் போட்டுப் பரண் மேல் வைத்துவிட்டேன். சால் தலைவரிடம் போய்க் கேட்கத் தைரியம் வரவில்லை. இரண்டு மாதம் அவை பரணில் கிடந்தன. இரண்டு மாதம் நான் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். மாமி தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்த பிறகும்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முடிச்சு நழுவிவிட்டது. நான் குழாயடியில் வரிசையின் பின்னால் பேசிக்கொண்டு நின்றபோது அவள் வந்து, முன்னாலிருந்து அடுக்க ஆரம்பித்துவிட்டாள். தலைவர் வீட்டுப் பெரிய தவலை முதலிலிருந்து கடைசிக்குப் போயிற்று. கூச்சல், பிடி, தள்ளு. யாரோ வீசிய குடம் ஒரு பெண்ணின் நெற்றியில் பட்டு இரண்டு தையல். வீசியது என் மகள் இல்லை. ஆனால் எல்லோர் விரலும் அவள் பக்கம்தான் நீண்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சால் கூடும், அங்கே முடிவு என்று சொல்லி அனுப்பினார்கள்.

சனிக்கிழமை மாட்டுங்காவில் நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பரணில் இருந்த டப்பாவைப் பற்றியும் சொன்னேன். பட்டறைக்காரம்மா என்னைத் திட்டவில்லை. "நாளைக்கு எத்தன மணிக்குக் கூட்டம்?" என்று மட்டும் கேட்டாள்.

வீட்டுக்கு வந்தால், அம்மன் கோவில் கொடைத் திருவிழாவில் சாமியாடுகிற பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் சந்துக்காரிதான். என் மகள் மேல் பிரியம் உள்ளவள். ஒரு நாளும் அவளைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டதில்லை.

"ஏளா, நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு. நாளைக்குக் கூட்டத்துல எனக்கு அருள் வரும். இந்தப் பிள்ள மேல அம்மன் எறங்கியிருக்கான்னு சொல்லிருதேன். பெறவு ஒருத்தி அவ மேல கை வைப்பாளா? குடத்த அடுக்குனா, அம்மனே அடுக்கிட்டான்னு விழுந்து கும்பிடுவாளுவ."

அவள் சொன்னது நடக்கும் என்று எனக்குத் தெரியும். தலைவரே சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு விழுவார். அவள் போனதும் என் கணவர், "சரின்னு சொல்லிரு" என்றார்.

"வேண்டாங்க."

"எம் பிள்ளைய நாலு பேரு கும்பிட்டா ஒனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"கும்பிடுதவன் சும்மா போவானா? குறி கேப்பான். நம்பர அடுக்குத பிள்ளன்னு தெரிஞ்சா மட்கா நம்பர் கேப்பானுவ. இவ என்ன சொல்லுவா? நம்பரு தப்புனா என்ன செய்வானுவ?"

மட்கா என்கிற எண் சூதாட்டத்தில் தோற்றவர்களை அவருக்கு நன்றாகத் தெரியும். சிரிப்பும் வந்தது, அடக்கிக்கொண்டார். "அப்பம் நாளைக்கு என்ன சொல்லப் போற?"

"தெரியல. ஆனா மஞ்சளப் பூசி மூலையில உக்கார வைக்கதும் கட்டிப் போடுததுதான். சேலைக்குப் பதிலா மால. அவ்ளோதான் வித்தியாசம்."

அவர் பரணில் ஏறி டப்பாவை எடுத்துக் கீழே வைத்தார்.

ஞாயிறு நாலு மணிக்குக் குழாயடிக்கு எதிரே இருந்த வெட்டவெளியில் சால் கூடியது. தலைவர் நாற்காலியில். நெற்றியில் கட்டுப் போட்ட பெண் முன்வரிசையில். என் மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பட்டறைக்காரம்மா மகனோடு வந்துவிட்டாள். அவன் கூட்டத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

"ஏலே, ஒரு எடத்துல உக்காருலே" என்றார் தலைவர்.

"அண்ணாச்சி, அவன் மட்டும் உக்காந்துட்டான்னா இந்தச் சாலுக்கே நான் பிரியாணி போடுதேன்" என்றாள் அவள். கூட்டம் சிரித்தது.

அப்போது சாக்கடை மேல் போட்ட பலகையைத் தாண்டி மாமி வந்தாள். நடந்தே வந்திருந்தாள். ஒரு கையில் மகன், அவன் கையில் பிஸ்கட் டின். பட்டப்பகலில், மாட்டுங்காவின் கடைத்தெரு வழியாக, ரயில் பாலம் ஏறி இறங்கி. நான் ஓடிப்போய், "யாராவது பாத்திருப்பாங்களே, மாமி" என்றேன்.

"பாக்கட்டும்" என்றாள். "பாத்துட்டு வர்ற வரன் வரட்டும்."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். போன தடவை சொன்னதையே சொன்னார். ஹோம், இல்லாவிட்டால் கோலியைக் காலி செய்ய வேண்டும். சாமியாடும் பெண் கூட்டத்தின் நடுவிலிருந்து என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தால் போதும். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். எழுந்து நின்றேன். டப்பாவைத் திறந்து பில்லைகளைத் தரையில் கொட்டினேன்.

"எம் மவ சாமியும் இல்ல, பைத்தியமும் இல்ல. அவளுக்கு எல்லாம் வரிசையா இருக்கணும். நமக்கும் குழாயடியில அதுதான வேணும்? மொதல்ல வாரவுக ஒண்ணாம் நம்பரக் கட்டுங்க. அடுத்தவுக ரெண்டு. கட்டுன குடத்த அவ தொட மாட்டா."

என் மகள் கீழே உட்கார்ந்து பில்லைகளை ஒன்றிலிருந்து அடுக்க ஆரம்பித்தாள். மாமியின் மகன் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, விட்டுப்போன ஒன்றை எடுத்து நீட்டினான்.

தலைவரின் மனைவிக்குத்தான் முதலில் விஷயம் புரிந்தது. "அதெப்படி? நேரமாகி வாரவ தவலைய எங்க வைக்க?"

"பின்னால வைங்க, மதினி" என்றாள் நெற்றியில் கட்டுப் போட்ட பெண். "நீங்க எப்பம் வந்தாலும் ஒங்க தவல மொதல்லதான நிக்கி? அது எப்படிக் காலு மொளச்சு முன்னால போவுதுன்னு எங்களுக்கும் தெரியணும்லா."

சிரிப்பு எழுந்தது. தலைவரின் முகம் கறுத்தது. "கட்டுததும் கட்டாததும் அவரவர் இஷ்டம். யாரையும் வற்புறுத்த முடியாது. ஆனா இந்தப் பிள்ள ஒரு குடத்தத் தொட்டுச்சு..."

"தொடுவா, அண்ணாச்சி" என்றேன். என் குரல்தான் அது. "பில்லை இல்லாத குடத்த அடுக்கத்தான் செய்வா. கூட நான் நிப்பேன். நாளையில இருந்து கட்ட மாட்டேன். ஹோமுலயும் விட மாட்டேன். கோலியும் காலி பண்ண மாட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. குனிந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். "நாளைக்குப் பாப்போம்" என்று எழுந்தார். கூட்டம் கலைந்தது. தீர்ப்பு என்று ஒன்றும் இல்லை.

பில்லைகளை மாட்டக் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் ஆணி வேண்டியிருந்தது. பட்டறைக்காரம்மா மகன் அடித்தான். ஒன்று கேட்டோம், எட்டு அடித்தான். வீட்டுக்கு வந்து கட்டில் காலில் இருந்த சேலைக் கரையை அவிழ்த்தேன். அது அடுப்படியில் கரித்துணியாயிற்று.

மறுநாள் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. பதினொரு குடங்களில் பில்லை இருந்தது, மற்றவற்றில் இல்லை. பில்லை கட்டிய குடங்களை என் மகள் தொடவில்லை. மற்றவற்றைச் சிறிது முதல் பெரிதுவரை அடுக்கினாள். தலைவர் வீட்டுத் தவலை கடைசிக்குப் போனது. இரண்டு பேர் என்னைத் திட்டினார்கள். எங்களுக்கு இரண்டு குடம் கிடைத்தது. ஏழரைக்குத் தண்ணீர் நின்றது.